டீசல் பில்டரை நாமே மாற்றலாம்: சிந்தாமல், சேதமில்லாமல், ஆபத்தில்லாமல்

நெற்பயிர் பால் பிடிக்கும் தருணம். கால்வாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆயில் என்ஜினை வைத்து இறைத்தால்தான் பயிர் தேறும். அந்த நேரம் பார்த்து என்ஜின் திணறுகிறது. கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது. மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினால், அவர் வந்து சேர இரண்டு நாள் ஆகிறது. கடைசியில் பார்த்தால் கோளாறு பெரிதல்ல. டீசல் பில்டர் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

டீசல் பில்டரை மாற்றுவது, ஒரு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய வேலை. ஆனால் முறை தெரியாமல் செய்தால் மூன்று தொல்லைகள் வருகின்றன. டீசல் சிந்தி வீணாவது ஒன்று. காற்றுப் புகுந்து, "ஏர் லாக்" ஆகி என்ஜின் கிளம்பாமல் போவது இரண்டு. தீயோ காயமோ ஏற்படுவது மூன்று. இந்த மூன்றையும் தவிர்த்து வேலையை முடிக்கும் வழியை இங்கே பார்ப்போம்.

பில்டர் ஏன் அவசியம்?

டீசல் என்ஜினில் உள்ள இன்ஜெக்‌ஷன் பம்பினுள் ஒரு பிளஞ்சர், அதன் உருளைக்குள் மேலும் கீழும் சென்று வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். நம் தலைமுடியின் பருமன் ஏறத்தாழ ஆயிரத்தில் எழுபது பங்கு என்றால், இந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்று பார்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத மண்துகள் ஒன்று உள்ளே போனாலும் பிளஞ்சரைக் கீறிவிடும். கீறல் விழுந்தால் அமுக்கம் குறையும், டீசல் பூவாகத் தெளிக்காமல் சொட்டும், புகை தள்ளும், டீசல் செலவு ஏறும்.

இந்த பிளஞ்சருக்குத் தனியாக எண்ணெய் விடுவதில்லை. அதன் வழியாகச் செல்லும் டீசலே அதற்கு மசகு எண்ணெயாகவும் இருக்கிறது. ஆகவே டீசலில் தண்ணீர் கலந்தால் பம்பும் நாசிலும் துருப்பிடித்துத் தேய்ந்துபோகும். தூசியையும் தண்ணீரையும் வாசலிலேயே தடுத்து நிறுத்தும் காவல்காரன்தான் பில்டர். அதன் விலை, பம்பையும் நாசிலையும் மாற்றும் செலவில் மிகச் சிறு பகுதியே.

அடைப்பை அறிவது எப்படி?

என்ஜின் வெறுமனே ஓடும்போது நன்றாக ஓடி, பாரம் ஏறியதும் திணறினால் பில்டரைச் சந்தேகிக்கலாம். வேகம் கூடுவதும் குறைவதுமாக இருப்பது, கிளம்பிய சில நிமிடத்தில் தானாக நின்றுவிடுவது, சற்று நேரம் பொறுத்தால் மறுபடி கிளம்புவது ஆகியவையும் இதன் அடையாளங்களே. கறுப்புப் புகை மட்டும் அதிகமாக வந்தால் கோளாறு பெரும்பாலும் டீசல் பில்டரில் இல்லை. காற்று பில்டரையும் நாசிலையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் உடனே பில்டரைக் கழற்றிவிடக் கூடாது. முதலில் டாங்கி மூடியைப் பாருங்கள். அதில் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் இருக்கும். அது மண்ணால் அடைத்துக்கொண்டாலோ, மூடி தொலைந்த டாங்கியில் துணியைத் திணித்து வைத்திருந்தாலோ டீசல் கீழே இறங்காது. மூடியைத் திறந்தவுடன் என்ஜின் சரியாக ஓடினால், துவாரத்தைச் சுத்தம் செய்தால் போதும். காசு செலவில்லை.

அடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு, பில்டருக்குள் வரும் டீசல் குழாயைத் தளர்த்திப் பாருங்கள். டாங்கி உயரத்தில் உள்ள ஆயில் என்ஜின்களில் டீசல் தாராளமாக வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு டாங்கியிலோ, குழாயிலோ, காக்கிலோ இருக்கிறது. உள்ளே வருவது தாராளமாகவும், பில்டரிலிருந்து வெளியே போவது மெலிந்தும் இருந்தால் பில்டரே அடைத்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

அடைத்து நிற்கும் வரை காத்திருப்பது சிக்கனம் அல்ல. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது ஒவ்வொரு என்ஜினின் கையேட்டிலும் குறிப்பிடப்பட்டிருக்கும். அதையே பின்பற்ற வேண்டும். நாள் ஒன்றுக்கு 5 மணி நேரம் வீதம் 50 நாள் இறைத்தால் 250 மணி நேரம் ஆகிறது. மணி காட்டும் மீட்டர் இல்லாத என்ஜினுக்கு, மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, ஓடிய நேரத்தை அன்றாடம் குறித்து வந்தால் கணக்குத் தவறாது.

பெரும்பாலான டிராக்டர்களில் இரண்டு பில்டர்கள் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது பெரிய தூசியைப் பிடிக்கிறது. இரண்டாவது நுண்ணிய தூசியைப் பிடிக்கிறது. முதலாவது விரைவில் அழுக்கடையும். எதை எப்போது மாற்றுவது என்பதற்கும் கையேடே வழிகாட்டி.

காகித பில்டரை டீசலிலோ பெட்ரோலிலோ அலசி, காற்றடித்து மீண்டும் பொருத்தும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இது தவறு. காற்றின் வேகத்தில் காகிதத்தின் நுண்துளைகள் விரிந்து கிழிந்துவிடுகின்றன. பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். தூசியை மட்டும் பிடிக்காது. அலசலாம் என்று கையேட்டிலேயே சொல்லியிருக்கும் துணி, கம்பி வலை வகைகளை மட்டுமே அலச வேண்டும். பில்டரை எடுத்துவிட்டு நேரடியாக ஓட்டுவது, அன்றைய வேலையை முடித்துக்கொண்டு அடுத்த மாதம் பம்பை இழப்பதற்குச் சமம்.

வேலைக்கு முன் தயாரிப்பு

காலை நேரத்தில், என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது இவ்வேலையை வைத்துக்கொள்வது நல்லது. டீசல், பெட்ரோலைப் போல எளிதில் தீப்பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் ஓடி நின்ற என்ஜினின் சைலன்சர் குழாய் 200 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாக இருக்கும். அதன்மேல் டீசல் தெறித்தால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளக்கூடும். டீசல் ஊறிய பஞ்சும் துணியும் விளக்குத் திரி போன்றவை. ஒரு பீடித் துண்டு போதும். ஆகவே பீடி, சிகரெட், சிம்னி விளக்கு எதுவும் அருகில் கூடாது. ஒரு வாளி உலர்ந்த மணலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும்; மணல்தான் அணைக்கும்.

டிராக்டரானால் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பாட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டால், ஸ்பேனர் பட்டுப் பொறி பறக்காது.

புதிய பில்டரைக் கடையில் வாங்கும்போது பழையதன் எண்ணையோ என்ஜினின் மாடலையோ சொல்லிக் கேளுங்கள். உயரம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மறை வேறாக இருக்கலாம். அதனுடன் ரப்பர் வளையமும் செம்பு வாஷரும் புதிதாக வாங்குங்கள். பழைய வாஷரைப் போட்டுவிட்டுக் காற்றுப் புகுகிறதே என்று அலைவதைவிட, சில ரூபாய் செலவழிப்பது மேல்.

இவை தவிரத் தேவைப்படுபவை: சரியான அளவு ஸ்பேனர்கள், அடிப்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டிய எண்ணெய் டின் ஒன்று, பழைய பால் கவரோ பாலிதீன் பையோ சில, நூல் உதிராத பழைய பருத்தி வேட்டித் துணி, சுத்தமான டீசல் இரண்டு லிட்டர். உட்பக்கத்தைத் துடைக்கப் பஞ்சு வேஸ்ட் வேண்டாம். அதன் இழை உதிர்ந்து உள்ளே சிக்கும்.

சிந்தாமல் கழற்றும் வழி

முதலில் பில்டரின் வெளிப்புறத்தையும் அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் பிரஷ்ஷும் டீசலும் கொண்டு நன்றாகத் துடையுங்கள். பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். மேலே படிந்த சேறு, கழற்றும்போது உள்ளே விழுந்தால், புதுப் பில்டர் போட்டதன் பயனே போய்விடும்.

டாங்கியின் காக்கை மூடுங்கள். காக் இல்லாத வண்டியில், டாங்கியில் டீசல் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ரப்பர் குழாயாக இருந்தால் வெடிப்பு ஏற்படாதபடி மெதுவாகக் கிளிப் போட்டு நெருக்கலாம். வாயை வைத்து உறிஞ்சி டாங்கி டீசலை இறக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். ஒரு வாய் டீசல் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் புண்ணாகும். தப்பித் தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி எடுக்கும்போதுதான் அது நுரையீரலுக்குள் போகிறது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பில்டருக்குக் கீழே சுயம்பு மோட்டார், டைனமோ, பேன் பெல்ட் ஏதாவது இருந்தால் பாலிதீன் தாளால் மூடிக் கட்டுங்கள். டீசல் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும். வெட்டிய டின்னைக் கீழே வையுங்கள். பில்டரின் அடியில் வடிகால் திருகு இருந்தால் அதை முதலில் திறந்து, உள்ளே இருக்கும் டீசல் முழுவதையும் டின்னில் இறக்குங்கள். மேலே காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தினால் விரைவாக இறங்கும். இப்படி முன்னதாகவே வடித்துவிட்டால், பில்டரைக் கழற்றும்போது கை நனைவதுகூட இல்லை.

முழுதாகத் திருகிக் கழற்றும் டப்பா வகைப் பில்டரில் வடிகால் இல்லாவிட்டால் ஒரு சுலபமான உபாயம் உண்டு. பில்டரைக் கால் சுற்றுத் தளர்த்தியதும், பாலிதீன் பையைக் கீழிருந்து மேலாக அதன்மேல் முழுதும் மாட்டுங்கள். பிறகு பையோடு சேர்த்துப் பிடித்துச் சுற்றினால், வழியும் டீசல் அனைத்தும் பையிலேயே தங்கிவிடும். பில்டரும் பைக்குள்ளேயே வந்துவிடும்.

நடுவே நீண்ட போல்ட் உள்ள கிண்ண வகையானால், ஒரு கையால் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டு மறு கையால் போல்ட்டைக் கழற்றுங்கள். கிண்ணத்தின் அடியில் தங்கிய வண்டலைப் பாருங்கள். மண் அதிகமிருந்தால் டாங்கியைக் கழுவ வேண்டிய காலம் வந்துவிட்டது. தண்ணீர் முத்து முத்தாக நின்றால் டீசல் வைக்கும் கேனையும் டாங்கி மூடியையும் கவனிக்க வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க

பழைய ரப்பர் வளையம் மேல் மூடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. அதைப் பார்க்காமல் அதன்மேல் புதிய வளையத்தைப் போட்டால், எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். விரலை விட்டுத் தடவிப் பார்த்து, பழையதை எடுத்துவிட்ட பிறகே புதியதை வைக்க வேண்டும். புதிய வளையத்தில் சில சொட்டு டீசல் தடவிக்கொள்ளுங்கள்.

புதிய பில்டருக்குள் டீசலை ஊற்றி நிரப்பிப் பொருத்தினால் காற்று எடுப்பது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். நடுத்துளை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகும் என்பதை மறக்கக் கூடாது. கையேட்டில் சொல்லியிருந்தால் ஒழிய, பில்டரைக் காலியாகவே பொருத்திவிட்டு, கைப்பம்பால் நிரப்புவதுதான் பாதுகாப்பு.

டப்பா வகையைக் கையாலேயே சுற்றி, வளையம் படிந்ததும் மேற்கொண்டு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்று வரை இறுக்கினால் போதும். பில்டர்மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேனரால் நெரிக்க வேண்டாம். கிண்ண வகையின் மேல் மூடி அலுமினிய வார்ப்பு. பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் மறை கழன்றுவிடும்.

காற்று எடுக்கும் முறை

பில்டரை மாற்றியபின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. குழாயில் காற்று இருந்தால் பம்பு தள்ளும் அழுத்தமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடுகிறது, நாசில் திறப்பதில்லை.

காற்றை எடுக்கும் வரிசை எப்போதும் டாங்கியிலிருந்து என்ஜினை நோக்கியே இருக்க வேண்டும். டாங்கியில் போதிய டீசல் ஊற்றி, காக்கைத் திறவுங்கள். முதல் பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். அதைச் சுற்றித் துணியை வைத்துக்கொண்டால் வழியும் டீசல் அதிலேயே ஊறிவிடும். டாங்கி உயரத்தில் இருந்தால் டீசல் தானாக வரும்; இல்லையேல் கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழி நின்று டீசல் கம்பியாக வரத் தொடங்கியதும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். வழிவது நின்றபின் இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே இழுக்கப்படும். இதே போல இரண்டாவது பில்டரிலும், பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பின் காற்றுத் திருகிலும் செய்யுங்கள். முடிந்ததும் கைப்பம்பின் குமிழைத் திருகி மூட மறக்கக் கூடாது.

கையால் சுற்றும் ஆயில் என்ஜினில், அமுக்கத்தைத் தளர்த்தும் லீவரை வைத்துக்கொண்டு, டீசல் லீவரை ஓடும் நிலையில் நிறுத்தி மெதுவாகச் சுற்றுங்கள். நாசிலிலிருந்து "கிர், கிர்" என்று சத்தம் கேட்டால் காற்று நீங்கிவிட்டது, என்ஜினைக் கிளப்பலாம். சுற்றும்போது தோள் துண்டைக் கழற்றி வைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பிளைவீலில் துணி சிக்கி உயிர் போகலாம்.

இதற்கும் கிளம்பாவிட்டால், பழைய மாடல் என்ஜின்களில் மட்டும், நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, மேலே துணியைச் சுற்றி, சுற்றிவிட்டுக் காற்றை எடுத்து இறுக்கலாம். டிராக்டரில் பாட்டரி வயரை மீண்டும் மாட்டுமுன் சிந்திய டீசலைத் துடைத்துவிட வேண்டும். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அழுத்தாமல், இடையிடையே ஓய்வு கொடுங்கள்.

விரலை வைத்துப் பார்க்காதீர்கள்

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கார் டயரில் உள்ள காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. பழைய ஆயில் என்ஜினின் நாசிலில் டீசல் தெளிப்பது ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தில். அதாவது நூறு மடங்கு. இந்தத் தெளிப்பு தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. ஆனால் சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திராமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று, "அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

புது டிராக்டரும் வீட்டுக் காரும்

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்துள்ளது. அதற்கேற்பத் தயாராகும் பல டிராக்டர்களிலும், இன்றைய டீசல் கார்களிலும் "காமன் ரெயில்" என்ற அமைப்பு இருக்கிறது. இதில் அழுத்தம் 1,000 கிலோவைத் தாண்டும். இவ்வகையில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய முறை உயிருக்கே ஆபத்து. பில்டரை மட்டும் கையேட்டின்படி மாற்றி, கைப்பம்பாலோ சாவியைத் திருப்பி இயங்கும் மின் பம்பாலோ காற்றை எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் கம்பெனி மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை.

பெட்ரோல் கார்களில், என்ஜின் நின்றபின்னும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். கழற்றியதும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். அதன் ஆவி தரையோடு படர்ந்து, தூரத்து அடுப்பிலிருந்தும் தீயை இழுத்து வரும். பல கார்களில் பில்டர் டாங்கிக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் பில்டர் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பில்டரும் வடித்த டீசலும்

வடித்த டீசலை மறுபடி டாங்கியில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் மூடி வைத்தால், உதிரிப்பாகங்களைக் கழுவ உதவும். பழைய பில்டரை ஒரு நாள் தலைகீழாக டின்மேல் கவிழ்த்து வடித்துவிட்டு, பழைய இரும்புக் கடைக்கோ சர்வீஸ் ஸ்டேஷனுக்கோ கொடுத்துவிடலாம். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் வீசக் கூடாது. கிணற்றில் விழும் சிறிதளவு டீசலும் குடிநீரைக் கெடுத்துவிடும்; மண்ணில் ஊறினால் அந்த இடத்தில் விதை முளைக்காது. கீழே சிந்தியிருந்தால் மரத்தூளோ உமியோ உலர்ந்த மணலோ தூவி உறிஞ்சவிட்டு, அள்ளி அப்புறப்படுத்துங்கள். கையை சோப்பால் கழுவினால் போதும். பெட்ரோலால் கழுவினால் தோல் வெடிக்கும்.

பில்டரின் ஆயுளைக் கூட்ட

கேனில் வாங்கி வந்த டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்துத் தெளியவிடுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். மேலாக ஊற்றி, அடியில் உள்ளதை விட்டுவிடுங்கள். புனலில் நெருக்கமான வலையோ துணியோ வைத்து ஊற்றுங்கள். துத்தநாகம் பூசிய வாளியிலும் பூச்சிமருந்து டப்பாவிலும் டீசலை வைக்கக் கூடாது. வேலை முடிந்த மாலையில் டாங்கியை நிரப்பி வையுங்கள். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் காற்றிலுள்ள ஈரம் வேர்த்துத் தண்ணீராக இறங்குகிறது. பில்டரில் வடிகால் இருந்தால், காலையில் என்ஜினைக் கிளப்புமுன் அதைச் சற்றுத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். டாங்கி முழுதும் வற்றும் வரை ஓட்டாதீர்கள். அடி வண்டலும் காற்றும் சேர்ந்து பில்டருக்கு வரும்.

புது பில்டருடன் என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எல்லா இணைப்புகளையும் துடைத்து, ஈரம் கசிகிறதா என்று பார்த்து வேலையை முடியுங்கள். மாற்றிய தேதியைப் பில்டர்மேலேயே பெயின்டால் எழுதிவிடலாம். கொட்டகையில் ஒரு பில்டரும் இரண்டு வாஷரும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கதிர் பால் பிடிக்கும் வாரத்தில் தண்ணீர் தவறாமல் கிடைக்க இந்தச் சிறு முன்னேற்பாடு உதவும்.